பொய் சொல்ல இடமில்லாத கடல்

இணையத்தில் ஆடப்படும் கடற்போர் விளையாட்டில் ஏமாற்ற வழியில்லை, ஆகவே காகிதத்தில் ஆடுவதைக் காட்டிலும் அதுவே மேலானது என்று வாதிடும் அன்பர்கள் பெருகிவிட்டனர். ஏமாற்ற வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த 'ஆகவே'யைத்தான் ஒப்பமாட்டோம்.

பேட்டில்ஷிப் என்று உலகறிந்த இவ்வாட்டம் எளியது. பத்துக்குப் பத்தாக 100 கட்டங்கள். அவற்றில் 5, 4, 3, 3, 2 கட்ட நீளமுள்ள ஐந்து கப்பல்களை எதிராளி காணாதவாறு நிறுத்தவேண்டும். 17 கட்டங்களில் கப்பல். எஞ்சிய 83 வெறுங்கடல். ஒருவர் ஒரு கட்டத்தைச் சொல்லிச் சுடுவார். மற்றவர் 'பட்டது' என்றோ 'தவறியது' என்றோ விடை சொல்வார். ரஷ்யப் பிள்ளைகள் நோட்டுத்தாளில் ஆடும் வடிவத்தில் 10 கப்பல்கள், 20 கட்டங்கள். எண்ணிக்கை வேறுபடினும் ஆட்டத்தின் உயிர் ஒன்றே.

இதைக் குருட்டு யோகம் என்று ஒதுக்குவோர் ஆடிப் பார்க்காதவர்கள். மிகச் சிறிய கப்பலுக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும். எனவே சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்துக்கொண்டால், ஒரு நிறத்தின் 50 கட்டங்களைத் தேடினாலே எல்லாக் கப்பல்களும் அகப்படும். ஐந்து கட்டக் கப்பல் ஒரு மூலைக் கட்டத்தைத் தொட இரண்டே வழிகள். நடுக்கட்டத்தைத் தொடப் பத்து வழிகள். குறி தவறிய ஒவ்வொரு சுடுதலும் ஒரு செய்தியைத் தருகிறது. ஆனால் இக்கணக்குகள் அனைத்தும் ஒன்றை நம்பியே நிற்கின்றன: எதிராளி சொல்லும் விடை உண்மையாக இருக்கவேண்டும்.

காகிதத்தில் அவ்வுண்மைக்குக் காவல் எதுவும் கிடையாது. ஆட்டம் தொடங்கியபின் கப்பலை இடம் மாற்றலாகாது என்பது விதி. அவ்விதியைக் காப்பது ஆடுபவரின் மனச்சான்று மட்டுமே. தோற்பவர் தம் தோல்வியைத் தாமே, தம் வாயாலேயே, 17 முறை அறிவிக்கவேண்டும். தமக்குக் கேடு தரும் உண்மையை, மறைக்க வாய்ப்பிருந்தும், சொல்லும் பயிற்சி இது. இவ்வாட்டத்தின் அறம் அனைத்தும் இதிலேதான் இருக்கிறது.

1931இல் அமெரிக்காவில் 'சால்வோ' என்ற பெயரில் இவ்வாட்டம் அச்சிட்ட தாளாக விற்பனைக்கு வந்தபோதும், 1967இல் மில்டன் பிராட்லி நிறுவனம் அதை முளைகள் செருகும் பிளாஸ்டிக் பலகையாக்கியபோதும், விடை சொன்னது மனித வாயே. 1977இல் அதே நிறுவனத்தின் மின்னணுப் பலகை அப்பொறுப்பை ஏற்றது. இன்றைய இணைய ஆட்டம் அதன் முழுமை. விரல் தொடுகிறது, திரையில் நெருப்போ நீர்த்தெறிப்போ தோன்றுகிறது. எதிராளி எதையும் சொல்லவேண்டியதில்லை.

முன்பின் அறியாதவரோடு ஆடுகையில் நடுவர் வேண்டாமா எனலாம். வேண்டும்தான். அதை வசதி என்று சொல்லுங்கள், மறுப்பதற்கில்லை. நேர்மை என்று சொல்லாதீர்கள். பூட்டிய வீட்டில் திருட்டு நிகழவில்லை என்பதால் தெருவார் எல்லாரும் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. இதற்குச் சான்று இணையத்திலேயே உண்டு. கடைசிக் கப்பல் மூழ்கும் தறுவாயில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடும் எதிராளியைச் சந்திக்காதவர் யார்? பொய் சொல்லும் வழியை அடைத்தோம்; தோல்வியை ஏற்கமாட்டாத மனம் வேறு வழியில் வெளியேறிவிட்டது.

விளையாட்டுக்கு இத்தனை ஆவேசம் எதற்கு என்று சிரிக்கவேண்டாம். தேர்வறையில் பறக்கும் படை, கடையில் கண்காணிப்புக் கேமரா என்று பழகும் தலைமுறைக்கு, எவரும் பாராத இடத்தில் உண்மை சொல்லிப் பழக எஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் விளையாட்டு ஒன்று. அதையும் எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு முன்னேற்றம் என்று கொண்டாடுகிறோம்.

இணையத்தில் ஆடுவோர் ஆடட்டும், நாமும் ஆடுகிறோம். ஆயினும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டம் போட்ட தாள்கள் இரண்டையும் பென்சில்கள் இரண்டையும் கொடுங்கள். நடுவில் ஒரு தடித்த புத்தகத்தை மறைப்பாக நிறுத்துங்கள். பொய் சொன்னது யார் என்று சண்டை வரும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆட்டம் முடிந்தபின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.