முதலில் கேளுங்கள், பிறகு புரோகிராம் எழுதுங்கள்

புராஜெக்ட் என்றதும் நம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஜாவாவா, பைத்தானா?" என்பதுதான். யாருக்காக, எதற்காக என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன. பல புராஜெக்ட்டுகளில் அவை வருவதே இல்லை.

கேளம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! வடக்கே சிறுசேரியில் மென்பொருள் பூங்கா, பள்ளிக்கரணையில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கோவளம் மீனவர் குப்பம். படிப்பு, தொழில், ஆராய்ச்சி, பயனாளர் என்று நால்வரும் அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். கூட்டு ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஆனால் நால்வரும் ஒரே தாளில் தேவைகளை எழுதிக் கையெழுத்துப் போடாத வரை இந்த அருகாமையால் பயனில்லை என்பதே என் கருத்து.

இதைச் சரியாகச் செய்து காட்டிய உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதி உதவியோடு 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. முதலில் கம்ப்யூட்டர்களை இறக்கவில்லை. மக்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலை உயரம். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, கூடாதா? அவ்வளவுதான்.

இது பயனர் தேவை. இதிலிருந்துதான் தொழில்நுட்பத் தேவை பிறந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை முன்னறிவிப்பு கிடைத்தது. அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கடற்கரையில் வலையோடு நிற்பவர் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார மாட்டார். எனவே ஒலிபெருக்கி. தொலைபேசி இணைப்பு சரியாக இல்லாத கிராமங்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ. மின்வெட்டுக்கு சோலார் பேனல். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்ததைக் கவனியுங்கள்.

அந்த ஒலிபெருக்கியின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. மக்கள் தப்பினார்கள்.

ஒரு தேவை விட்டுப் போனால் என்ன ஆகும்? 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் இருக்காது. அதற்குத் தீர்வாக 2019-ல் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. நல்ல கருவிதான். ஆனால் அது ஒருவழிப் பாதை. "புயல் வருகிறது" என்று படகுக்குச் சொல்லும். "நான் ஆபத்தில் இருக்கிறேன்" என்று படகிலிருந்து அதன் வழியே சொல்ல முடியாது. அபாயச் செய்தி அனுப்பி, அது கிடைத்தது என்ற பதிலையும் பெறும் இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024-ல்தான் வந்தது. பதில் வருமா, வராதா என்பது பொறியாளருக்கு ஒரு வசதி. நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அது உயிர்.

"ஆராய்ச்சி என்றால் முடிவு முன்கூட்டியே தெரியாது. தேவைகளை எப்படி முதலிலேயே எழுதுவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதியதை மாற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மென்பொருளுக்கு 1.0, 2.0 என்று பதிப்பு எண் கொடுப்பதுபோல் தேவைப் பட்டியலுக்கும் கொடுங்கள். எதை, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எது மாறியது என்றே தெரியாது.

'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்பது தேவை அல்ல, ஆசை. 'ஈரக் கையோடு, வெயிலில், கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும்' என்பது தேவை. இதைச் சோதித்துப் பார்க்கலாம். வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிப் பேசுபவரிடம் 'வினாடிக்கு இத்தனை மீட்டர்' என்று காட்டினால் என்ன பயன்? மூன்றாம் வருடம் நிதி நின்ற பிறகு பேட்டரியை யார் மாற்றுவது? இதுவும் பட்டியலில் இருக்க வேண்டும். கூட்டுத் திட்டங்களில் எல்லோரும் மறப்பது இந்த வரியைத்தான்.

கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு அனுமதி தருமுன், பயனாளர் ஒருவர் சொல்லி, மாணவர் எழுதிய ஒரு பக்கத்தைக் கேளுங்கள். கோவளம் போக ஒரு பஸ் டிக்கெட் போதும். படகுகள் கரை திரும்பி, வலையைச் சரி செய்யும் நேரத்தில் போங்கள். லேப்டாப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, பேனாவையும் நோட்டையும் எடுங்கள்.