போனவர்களும் போன இடமும்

ஆட்டப் பருவம் முடிந்துவிட்டால் விளையாட்டு நிருபர்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்று நேயர்கள் எண்ணலாம். அமெரிக்காவில் விஷயம் நேர்மாறு. பிப்ரவரியில் அவர்களுடைய கால்பந்தின் கடைசிப் பந்தயம் நடக்கிறது. மார்ச்சு பிறந்ததும் ஆட்டக்காரர்கள் இடம் மாறத் தொடங்குகிறார்கள். இன்ன கோஷ்டி இன்னாரை இழந்தது, இன்னாரைச் சேர்த்துக்கொண்டது என்று பத்திரிகைகள் ஐந்தொகை போட்டு, வாத்தியாரைப்போல் மார்க்கும் கொடுத்துவிடுகின்றன. ஆட்டம் ஆரம்பிப்பதோ செப்டம்பரில்! பரீட்சைக்கு ஆறு மாதம் முன்னால் மார்க்குக் கொடுக்கும் வித்தையை நம் கல்வி இலாகாவினர் கூட இன்னும் கற்கவில்லை.

இந்த ஐந்தொகை எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்று பார்க்க வேண்டுமானால், ஒரு பழைய கணக்கை எடுத்துப் புரட்டுவதே உத்தமம். பிலடெல்பியா நகரத்து ஈகிள்ஸ் கோஷ்டி 1992 முதல் 1994 வரையில் இழந்த ஆட்டக்காரர்களின் கணக்கைச் சொல்லுகிறேன்.

அந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுப் பெரும்பாலும் கையால் ஆடுகிறார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தில் ஒருவர் தலைவர். பந்தை எறிவதும் ஏவுவதும் அவர் காரியம். எதிர்ப்பக்கத்துத் தற்காப்பு வரிசை, அவர் பந்தை எறிவதற்கு முன் அவரை மண்ணில் சாய்த்துவிட்டால் அதற்கு 'ஸாக்' என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

நாஷனல் கான்பரன்ஸின் கிழக்குப் பிரிவில் அப்போது ஐந்து கோஷ்டிகள் இருந்தன: நியூயார்க் ஜயண்ட்ஸ், வாஷிங்டன், டல்லாஸ், பிலடெல்பியா, இவற்றோடு அரிஸோனாவின் பாலைவனத்திலிருந்து கார்டினல்ஸ். மேற்கே கிடக்கும் அரிஸோனா கிழக்குப் பிரிவில் எப்படிச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள்; 2002-ஆம் வருஷம் வரையில் அந்த வேடிக்கை நீடித்தது. பருவத்தின் 16 ஆட்டங்களில் 8 இந்தப் பங்காளிகளோடுதான். ஆகவே ஒரு கோஷ்டியின் பயிற்சியாளருக்கு அண்டை வீட்டுப் பயிற்சியாளரே ஜன்ம விரோதி. அந்த அண்டை வீட்டுக்காரர்களும் லேசானவர்கள் அல்ல. 1986 முதல் 1993 வரை எட்டுப் பருவங்களில் ஆறு முறை தேசத்தின் சாம்பியன் பட்டம் இந்த ஒரே பிரிவுக்கு வந்தது. ஜயண்ட்ஸின் பில் பார்ஸெல்ஸ், வாஷிங்டனின் ஜோ கிப்ஸ், டல்லாஸின் ஜிம்மி ஜான்ஸன் ஆகிய மூவரும் ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இவர்களுக்கு நடுவில் 1986-இல் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தவர் 'படி' ரையன். சிகாகோ கோஷ்டியின் தற்காப்பை உருவாக்கி, அந்த வருஷம் ஜனவரியில் அது சாம்பியனானபோது, தலைமைப் பயிற்சியாளரோடு தாமும் ஆட்டக்காரர்களின் தோள்மேல் ஏறி மைதானத்தை விட்டு வெளியே வந்தவர். மேலதிகாரியோடு ஒத்துப்போவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அவர் தெய்வம். காரணம் உண்டு.

1987-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் கூலிக்கு வேற்றாட்களைப் பிடித்து வந்து மூன்று வாரம் பந்தயங்களை நடத்தினார்கள். ரையன் முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர். இருந்தும், "எதைச் செய்தாலும் எல்லோரும் சேர்ந்தே செய்யுங்கள்" என்ற கருத்தில் தம் ஆட்டக்காரர்களுக்குப் புத்தி சொன்னார். கூலிக் கோஷ்டியைப் பயிற்றுவதில் அவர் அக்கறை காட்டவில்லை. மூன்று ஆட்டமும் தோல்வி. அவற்றில் ஒன்று டல்லாஸிடம் 41-22. டல்லாஸின் முதிய பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, வேலைநிறுத்தத்தை முறித்து வந்த அசல் ஆட்டக்காரர்கள் சிலரை இறக்கி அந்த ஜயத்தைப் பெற்றார். ரையன் மறப்பாரா? வேலைநிறுத்தம் முடிந்ததும் அதே மாதத்தில் இரு கோஷ்டிகளும் மறுபடி சந்தித்தன. பிலடெல்பியாவின் ஜயம் நிச்சயமாகிவிட்டது. கடைசி வினாடிகளில் மண்டியிட்டு நேரத்தைக் கழிப்பதுதான் மரியாதை. ரையனின் தலைவர் மண்டியிடுவதுபோல் பாவனை செய்து, எழுந்து பந்தை எறிந்தார்! அதன் பயனாக இன்னொரு கோல் கிடைத்து ஆட்டம் 37-20 என்று முடிந்தது. இதைக் கண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தங்களுக்காக வஞ்சம் தீர்த்த ஒரு மனிதருக்காக ஆட்டக்காரர்கள் நெருப்பிலும் குதிக்கத் தயாரானார்கள் என்பதில் வியப்பில்லை.

1989-இல் டல்லாஸுக்கு ஜிம்மி ஜான்ஸன் வந்தார். அந்த நவம்பரில் பிலடெல்பியா அவரை அவருடைய மைதானத்திலேயே 27-0 என்று தோற்கடித்தது. தம் கோஷ்டியின் பந்து உதைக்கும் ஆட்டக்காரர் தலைக்கு ரையன் பரிசு விலை வைத்தார் என்று ஜான்ஸன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ரையன் மறுத்தார். அந்த ஆசாமி சரியாக உதைக்காமல் தடுமாறிக்கொண்டிருக்கிறார், அவர் ஆடிக்கொண்டிருப்பதுதானே எனக்கு லாபம் என்று பரிகாசமும் செய்தார்.

இவ்வளவு வீறாப்புக்கும் பலன் என்ன? 1988, 1989, 1990 மூன்று வருஷமும் பிலடெல்பியா இறுதிச் சுற்றுக்கு வந்தது. மூன்று வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்று வீடு திரும்பியது. 1990 நவம்பரில், அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காத ஜயண்ட்ஸை 31-13 என்று புரட்டி எடுத்தார் ரையன். இரண்டு மாதங் கழித்து, தோற்ற ஜயண்ட்ஸ் சாம்பியன். ஜயித்த ரையனுக்கு வேலை போய்விட்டது. அண்டை வீட்டாரை அடிப்பது ஒரு கலை, பட்டம் வெல்வது வேறு கலை போலிருக்கிறது.

அவருக்குப் பதிலாக ரிச் கோடைட் நியமிக்கப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் தோளில் தூக்கத் தக்கவரல்லர். 1991-இல் பிலடெல்பியாவின் தற்காப்பு, தரையோட்டத்திலும் பந்தெறியிலும் மொத்தத்திலும் தேசத்தில் முதலாவதாக நின்றது. அது ரையன் நட்ட மரத்தின் காய்.

இனி இழப்புக் கணக்குக்கு வருவோம்.

முதல் இழப்பை எந்த ஐந்தொகையிலும் எழுத முடியாது. 1992 ஜூனில் தற்காப்பு வரிசையின் நடுத்தூண் ஜெரோம் பிரவுன் மோட்டார் விபத்தில் மாண்டார். வயது 27.

அடுத்தது நியாயஸ்தலத்திலிருந்து வந்தது. அதுவரையில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத் தவணை முடிந்தாலும் அவர் இஷ்டம்போல் வேறிடம் போக முடியாது. 1989 முதல், ஒவ்வொரு கோஷ்டியும் 37 பேரைத் தன்வசம் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைப் போக விடலாம் என்று ஒரு விதி இருந்தது. வேண்டாதவனுக்கு விடுதலை, வேண்டியவனுக்கு விலங்கு! 1992 செப்டம்பரில் மினியாபோலிஸ் நகரில் ஜூரிகள் இந்த விதி சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதே மாதத்தில் பிலடெல்பியாவின் கீத் ஜாக்ஸன் கோர்ட்டு உத்தரவின் பேரில் மயாமிக்குப் போய்விட்டார். 1993-இல் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐந்து வருஷம் ஆடி, தவணையும் முடிந்தவர் சுதந்திர புருஷர் ஆனார். அந்தச் சமரசத்தில் முடிந்த வழக்கில் முதல் வாதியாகப் பெயர் கொடுத்தவர் பிலடெல்பியாவின் ரெஜி வொயிட்.

வொயிட் எட்டுப் பருவங்களில் 121 ஆட்டங்கள் ஆடி 124 ஸாக் செய்தவர். ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்! பாதிரியாகவும் தீக்ஷை பெற்றவர். ஆங்கிலத்தில் பாதிரிக்கும் மந்திரிக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் ரசிகர்கள் அவரைப் 'பாதுகாப்பு மந்திரி' என்று அழைத்தார்கள். முதலாளி நார்மன் பிரேமன் மோட்டார் கார் வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். இவரை நிறுத்தி வைக்கத் தக்க விலை சொல்ல அவர் மெனக்கெடவில்லை. வொயிட் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். கடவுள் காட்டும் இடத்துக்குப் போவேன் என்றார். உடனே கிரீன் பே கோஷ்டியின் பயிற்சியாளர் ஹோம்கிரென், "நான்தான் கடவுள் பேசுகிறேன், கிரீன் பேக்குப் போ" என்று அவருடைய டெலிபோன் இயந்திரத்தில் வேடிக்கையாகச் சொல்லி வைத்தாராம். 1993 ஏப்ரலில் நான்கு வருஷத்துக்கு 1 கோடி 70 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் வொயிட் அந்தச் சிற்றூருக்கே போய்ச் சேர்ந்தார். கிரீன் பே கோஷ்டிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் ஜனங்களே பங்குதாரர்கள். இதையும் நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அந்தச் செப்டம்பரில் பிலடெல்பியா, கிரீன் பேயில் வொயிட்டை எதிர்த்து ஆடி 20-17 என்று ஜயித்தது. மறு வருஷமும் 13-7 என்று ஜயித்தது. "வொயிட் போனால் என்ன?" என்று அப்போது கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? 1993-இல் முதல் நான்கு ஆட்டங்களும் பிலடெல்பியாவுக்கே. நாலாவது ஆட்டத்தில் தலைவர் கன்னிங்ஹாமின் கால் எலும்பு முறிந்தது; பருவம் 8-8 என்று முடிந்தது.

அப்புறந்தான் நாடகத்தின் சுவையான அங்கம். ரையன் 1993-இல் ஹூஸ்டனில் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தார். 1994 ஜனவரி 2-ந் தேதி, ஆட்டத்தின் நடுவில், டெலிவிஷனில் தேசமே பார்த்திருக்க, சொந்தக் கோஷ்டியின் சக பயிற்சியாளர்மேல் கைமுட்டியை வீசினார். மறு மாதம் அரிஸோனா கார்டினல்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கி, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரத்தையும் கொடுத்தது. அதாவது, பிலடெல்பியா விரட்டிய மனிதர் அதே பிரிவில் பங்காளியாகத் திரும்பி வந்தார். வந்தவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டினார். ஸெத் ஜாய்னர், 1992-இல் 19 ஸாக் செய்து தேசத்தில் முதலாவதாக நின்ற கிளைட் ஸிம்மன்ஸ், ஆண்ட்ரே வாட்டர்ஸ் மூவரும் அவர் பின்னே போனார்கள். எதிரிக்கு இப்படி ஆள் கொடுத்த பிலடெல்பியாவுக்கு எந்தப் பத்திரிகையும் நல்ல மார்க்குக் கொடுத்திருக்க நியாயமில்லை.

நடந்தது என்ன? அந்த நவம்பரில் இரு கோஷ்டிகளும் பதினைந்து நாளுக்குள் இரண்டு முறை மோதின. 17-7 என்று பிலடெல்பியா ஒன்று. 12-6 என்று அரிஸோனா ஒன்று. பழைய ரையன் படையின் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எவருக்கும் கோல் போடத் தெரியவில்லை. ஏழு ஜயம், இரண்டு தோல்வி என்று ஜோராய்ப் புறப்பட்ட கோடைட்டின் கோஷ்டி, மிச்சம் ஏழு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றது. கோடைட்டுக்கு வேலை போயிற்று. ரையன் 8-8, அடுத்த வருஷம் 4-12, 1995 டிசம்பரில் அவருக்கும் சீட்டுக் கிழிந்தது. இரு பயிற்சியாளரும் ஒருவர் வீட்டை ஒருவர் இடித்ததில் பயன் பெற்றது டல்லாஸ்தான். 1995 பருவத்தின் பட்டம் அதற்கே போயிற்று.

என் அபிப்பிராயம் இது: ஜாய்னரும் ஸிம்மன்ஸும் போனது ரையனுக்கு லாபமுமல்ல, பிலடெல்பியாவுக்குப் பெரிய நஷ்டமுமல்ல. அவர்கள் ஒரு மனிதரின் மேலுள்ள விசுவாசத்துக்காகப் போனார்கள். அந்த மனிதரிடம் தற்காப்பு ஒன்றைத் தவிர வேறு சரக்கு இல்லை. வொயிட் போனதோ வேறு ரகம். பாதி கட்டிய வீட்டுக்கு அவர் தூணாகப் போனார். மொத்த கஜக் கணக்கில் 1992-இல் 23-வதாக இருந்த கிரீன் பே தற்காப்பு 1993-இல் இரண்டாவதாயிற்று. அவரைப் பார்த்து மற்ற நீக்ரோ ஆட்டக்காரர்களும் அந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு வரத் துணிந்தார்கள். 1997 ஜனவரியில் கிரீன் பே 35-21 என்று சாம்பியன் பட்டம் வென்றபோது வொயிட் மூன்று ஸாக் செய்தார். நாலு வருஷங் கழித்துத்தான் அந்த மார்ச்சு மாதத்துக் கணக்கு தீர்ந்தது.

இடையில் 1994-இல் பிரேமன் கோஷ்டியை ஜெப்ரி லூரி என்பவருக்கு விற்றுவிட்டார். புது முதலாளி கோடைட்டை நீக்கி, ரே ரோட்ஸ் என்பவரைப் பயிற்சியாளராக நியமித்தார். 1993-இல் வொயிட்டைப் பேசி இழுத்த கிரீன் பே கோஷ்டியில் தற்காப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் இந்த ரோட்ஸ்தான்! வந்த முதல் வருஷமே பிலடெல்பியா 10-6 கணக்கோடு இறுதிச் சுற்றுக்குப் போயிற்று.