பொங்கல் 1000 ரூபாய் வரல... சரி, வந்திருந்தா எங்கிருந்து வந்திருக்கும்?

2025 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தா, வன்னியம்பட்டி ரேஷன் கடை வரிசையில இது உங்க காதுலயும் விழுந்திருக்கும்: "போன வருஷம் 1000 ரூபாய் குடுத்தாங்க, இப்ப பச்சரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும்தானா?"

சட்டசபையில இதுக்குப் பதில் சொன்னவர் நம்ம மாவட்டத்துக்காரர்தான்: அப்போ திருச்சுழி எம்.எல்.ஏ.வாவும் நிதியமைச்சராவும் இருந்த தங்கம் தென்னரசு. புயல், வெள்ள நிவாரணத்துக்கே ஏகப்பட்ட செலவு, மத்திய அரசு கேட்ட நிதியைத் தரல என்றார்.

புயல் செலவு நிஜம்தான். ஆனா அது பாதிக் கணக்கு. மீதி, அவரே தாக்கல் செஞ்ச 2024-25 பட்ஜெட்ல இருக்கு. நிதிப் பற்றாக்குறை சுமார் 1,08,690 கோடி ரூபாய். பெரும்பாலும் கடன் வாங்கித்தான் இதை அடைக்கணும். இதுல வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 49,279 கோடி. அதாவது சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு அன்றாடச் செலவுக்கே விழுற துண்டு. 100 ரூபாய் கடன்ல 45 ரூபாய் ரோட்டுக்கும் போகல, பாலத்துக்கும் போகல. மாசக் கடைசியில மளிகைக்கு கிரெடிட் கார்டு தேய்ப்போமே, அதே கதை.

சுமார் 2.2 கோடி கார்டுக்கு தலா 1000 ரூபாய்னா 2,200 கோடி. அதையும் கடன் வாங்கித்தான் குடுத்திருக்கணும். வட்டியோட திருப்பிக் கட்டப்போறது நீங்கதான், பெட்ரோல் போடும்போதும் பத்திரம் பதியும்போதும்.

அதனால நிறுத்தினது சரின்னுதான் சொல்வேன். (எங்க வீட்டுலயே இதுக்கு எதிர்ப்பு உண்டு.) ஆனா கூலி வேலைக்குப் போறவங்களுக்கு அந்த 1000 ரூபாய் பெரிய காசு. 2024-ல வருமான வரி கட்டுறவங்களுக்குக் கிடையாதுன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் எல்லா அரிசி கார்டுக்கும்னு மாத்தினாங்க. அந்த முதல் அறிவிப்புல நின்னிருக்கணும். உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்ல.

அடுத்த தடவை உங்க எம்.எல்.ஏ. ஊருக்கு வந்து திட்டங்களை அடுக்கும்போது, "வருவாய்ப் பற்றாக்குறை இந்த வருஷம் எவ்வளவு குறைஞ்சுது?"ன்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு வீடியோ கமென்ட்ல போடுங்க.