பழுதுக்கு யார் பொறுப்பு?

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக் கடைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. அன்று பில் போடும் கணினி நின்றுவிட்டால், மென்பொருள் விற்றவர் சர்வரைக் குறை சொல்கிறார். சர்வர் விற்றவர் மென்பொருளைக் குறை சொல்கிறார். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் தவறினாலோ, தாமதக் கட்டணம் வணிகர் தலையில்தான்.

லினக்ஸ் சர்வரில் உரிமக் கட்டணம் மிச்சமாகலாம். ஆனால் பழுது பார்க்க ஆள் வேண்டுமே! ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 1999-ல் தன் வணிக மென்பொருளை லினக்சுக்குக் கொண்டுவந்தபோது, கணினி நிறுவனங்களையும் லினக்ஸ் நிறுவனங்களையும் ஒன்றாக அமர்த்தியே வேலை செய்தது.

பெரிய ஆலைகளுக்குக் கிடைக்கும் அந்தக் கூட்டுப் பொறுப்பு மளிகைக் கடைக்கும் வேண்டும். புகாருக்கு ஒரே தொலைபேசி எண், எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்ற உறுதி, இரு தரப்பாரின் கையெழுத்து: இம்மூன்றும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். தனித்தனியே கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், சங்கமாகக் கேட்போம்.