சுற்றாத கொடிக்கு 'சுருள்' என்று பெயர்!

ஐரோப்பாவின் பழைய கோட்டைச் சுவர்களை மூடிக்கொண்டு படர்ந்திருக்கும் ஐவி கொடியைப் படங்களிலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதன் தாவரவியல் பெயர் ஹெடெரா ஹெலிக்ஸ். 1753ல் லின்னேயஸ் தன் 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' நூலில் இந்தப் பெயரைப் பதிவு செய்தார்.

'ஹெடெரா' என்பது ஐவிக்கு ரோமானியர்கள் வைத்திருந்த பழைய லத்தீன் பெயர். 'பற்றிப் பிடிப்பது' என்ற பொருள் தரும் வேரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது மொழி அறிஞர்கள் பலரின் ஊகம். 'ஹெலிக்ஸ்' கிரேக்கச் சொல். சுருள், முறுக்கு என்று பொருள். ஹெலிகாப்டரில் இருப்பதும், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் இருப்பதும் இதே சொல்தான்.

இங்கேதான் சிக்கல். ஐவி எதையும் சுற்றி ஏறுவதில்லை! அவரைக் கொடி கொம்பைச் சுற்றும். ஐவியோ மிளகுக் கொடியைப் போல, தண்டிலிருந்து வரும் பற்றுவேர்களால் சுவரையும் மரத்தையும் ஒட்டிக்கொண்டு ஏறும். அப்படியானால் லின்னேயஸ் தவறாகப் பெயர் வைத்துவிட்டாரா?

அப்படிச் சொல்வது அவசரம். அவருக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், ஐவியில் காய்க்காத ஒரு வகையை 'ஹெலிக்ஸ்' என்ற பெயரில் குறித்திருக்கிறார். அது முதிர்ந்தால் ஐவியாகும் என்று சிலரும், ஆகாது என்று சிலரும் வாதாடியிருக்கிறார்கள். ஆகும் என்பது உண்மையானால் வேறுபாடு வயதில்தான், இனத்தில் அல்ல என்று அவர் எழுதினார். இன்று விடை தெரியும். இளம் ஐவிக்கு மடல் பிரிந்த இலைகள், பற்றுவேர்கள். முதிர்ந்த கிளைகளில் மடலில்லாத இலைகள், பூ, கறுப்புக் காய்கள், பற்றுவேர் கிடையாது. இரண்டும் ஒரே செடி!

ஆகவே 'ஹெலிக்ஸ்' லின்னேயஸ் புதிதாகத் தீட்டிய வர்ணனை அல்ல. ஒரு பழைய விவாதத்தின் மிச்சம். பாடப் புத்தகங்கள் 'ஹெலிக்ஸ் என்றால் சுருள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. மாணவரும் மனப்பாடம் செய்கிறார். பிறகு செடியைப் பார்க்கும்போது, அது சுற்றிக்கொண்டுதான் ஏறுகிறது என்று நம்பிவிடுகிறார். கண்ணை விடப் பெயரை நம்பும் இந்தப் பழக்கம் அறிவியலுக்கு ஆகாது.

லத்தீன் பெயர் செடிக்கான முகவரி மட்டுமே. முகவரியைப் படித்து வீட்டுக்குள் இருப்பவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா? பெயரின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் மனப்பாடம் தேவைப்படாது. பெயரும் மறக்காது, செடியும் மறக்காது.