கூரைத் துணியும் கூலியும்

அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையோரத்து வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்ற கார்களில் கூரைத் துணி தொங்கித் தலையில் உரசுவதைக் காணலாம். துணிக்கும் அட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய ஸ்பாஞ்ச் வெப்பத்தால் பொடிந்துவிடுவதே காரணம். பசையை மட்டும் தடவினால் அது உதிரும் ஸ்பாஞ்சின் மீதே ஒட்டும். விரைவில் மறுபடியும் தொங்கும்.

துணியின் விலை சொற்பமே. செலவெல்லாம் உழைப்பில் இருக்கிறது. கைப்பிடிகள், விளக்கு, வெயில் மறைப்பு, ஓர மூடிகள் யாவற்றையும் கழற்றி, அட்டையை வெளியே எடுத்து, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் பசை அடித்து, சுருக்கமின்றி ஒட்ட வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியெனில், அது கூரை விளிம்பில்தான் மடிந்திருக்கும். அங்கே அவசரம் ஆகாது. இவற்றைக் காணாத நம்மவர் சிலர், "ஒரு துணிக்கு இவ்வளவா?" என்று குஷன் கடைக்காரரிடம் கேட்கின்றனர். கேட்கட்டும், வேலை தொடங்குமுன் கேட்கட்டும்! கூலியை முன்பே தெளிவாகப் பேசிக்கொள்வதே மார்க்கம் காட்டும் முறை. வேலை முடிந்தபின் குறைப்பதைப் பேரம் என்று நாம் சொல்லமாட்டோம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும், இப்னு மாஜாவில் பதிவான நபிமொழியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர்.

இதனினும் கவலைக்குரியது, விற்குமுன் குண்டூசி குத்தி மறைப்பது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையில் நனைந்ததற்காகவா கண்டித்தார்கள்? நனைந்ததை மேலே வைக்காததற்காக. ஆகவே கூரை தொங்குவதைச் சொல்லி, குஷன் கடையில் எழுதி வாங்கிய செலவு மதிப்பீட்டையும் காட்டி, அத்தொகையை விலையில் கழித்துக்கொண்டு விற்கலாம்.