திப்பிலியின் இலக்கு எது?

மட்டாஞ்சேரியின் மசாலாக் கடைகளில் சுக்கு, மிளகோடு திப்பிலியும் கிடைக்கும். மலபார்த் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியதற்கு இட்டி அச்சுதனும் கொங்கணி வைத்தியர்களும் அளித்த அறிவே அடிப்படை. இப்பெருமையைக் கருத்தரங்கு தோறும் பேசும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் திப்பிலியை இன்று என்ன செய்கின்றன?

சாறு எடுக்கின்றன, புற்றுநோய் உயிரணுக்களில் ஊற்றி எத்தனை மடிந்தன என்று எண்ணுகின்றன, முன்கூட்டியே தேர்ந்த ஒரு புரதத்தின் கணினி உருவில் மூலக்கூறைப் பொருத்திப் பார்த்து ‘இலக்கு’ என்று அறிவிக்கின்றன. இது ஆய்வன்று, சடங்கு. திப்பிலியின் பைப்பர்லாங்குமின் பல புரதங்களின் சிஸ்டீன்களோடு வேதிப்பிணைப்புக் கொள்ளக்கூடியது. அத்தகையதை ஒரே புரதத்தோடு பொருத்திக் காட்டுவதால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

அம்மூலக்கூறின் கட்டமைப்பை 1967இல் நிறுவியவர்கள் கல்கத்தாவின் அசீமா சாட்டர்ஜியும் சி. பி. தத்தாவும். அதன் மறுபயனை 2023இல் வெளியிட்டது ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு. உயிரணு, தனக்கு வேண்டாத புரதத்தின்மீது இ3 லிகேஸ் நொதியின் துணையால் உபிகுவிட்டின் முத்திரையைப் பதிக்கிறது. முத்திரை பெற்றதைப் புரோட்டியசோம் சிதைக்கிறது. ஒரு முனையில் நோய்ப்புரதத்தையும் மறுமுனையில் இ3 லிகேஸையும் பற்றும் மூலக்கூறு, இவ்வேற்பாட்டை மருந்தாக்குகிறது. மனித உயிரணுவில் இந்நொதிகள் 600க்கு மேல் உண்டு. மருந்தாளர் பெரிதும் நம்பியிருப்பதோ செரிப்ளான், விஎச்எல் என்னும் இரண்டை. ஃப்ளோரிடாக் குழு எந்தப் புரதத்தையும் முன்முடிவு செய்யவில்லை. பைப்பர்லாங்குமின் எவற்றைப் பற்றுகிறது என்று உயிரணுவின் புரதத் தொகுதியையே புரோட்டியோமிக்ஸ் வழியாகக் கேட்டது. பல இ3 லிகேஸ்கள் விடையாக வந்தன. சிடிகே9 புரதத்தைப் பற்றும் மூலக்கூறோடு இணைத்தபோது, கீப்1 வழியாக அப்புரதம் அழிந்தது. வேம்பின் நிம்போலைடு ஆர்என்எஃப்114ஐப் பற்றுவதை பெர்க்லி ஆய்வாளர்கள் 2019இலேயே இவ்வழியில் கண்டிருந்தனர். (வேம்புக்கு உரிமை கோருவோர் இங்கு குறைவில்லை.)

கருவியில்லை என்ற சமாதானம் செல்லாது. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த மனிதப் புரதத்தொகுதி வரைவில் பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிறுவனம் முதன்மைப் பங்காளி. திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்திலும் நிறை நிறமாலைமானி உண்டு. மாதிரியை அங்கே அனுப்புவதற்கு ஆகும் செலவைக் காட்டிலும், ஓர் ஆய்வாளரின் ஐந்தாண்டு விலை கூடுதல்.

மருந்திட்ட உயிரணுவில் எப்புரதங்கள் குறைந்தன, புரோட்டியசோமைத் தடுத்தால் அவை மீள்கின்றனவா, இ3 லிகேஸை நீக்கினால் விளைவு நிற்கிறதா: வாய்மொழித் தேர்வில் இம்மூன்றையும் கேட்கும் தேர்வாளர்கள் எத்தனை பேர்? கேட்காதவர்கள் கையெழுத்திட்ட ஆய்வேடுகளில் ‘இலக்கு’ என்ற சொல்லை அடித்துவிட்டு மீண்டும் படித்துப் பார்க்கலாம்.